மல மாதிரியிலிருந்து மரபணு மரம் வரை: வயிற்றுப்போக்கு வைரஸ்களைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒரு குழந்தை வந்தால், உடலில் எவ்வளவு நீர் வற்றியிருக்கிறது என்பதைத்தான் மருத்துவர் முதலில் பார்ப்பார். உப்பு-சர்க்கரைக் கரைசல், துத்தநாக மருந்து, தேவைப்பட்டால் நரம்பு வழியாகத் திரவம். காரணம் ரோட்டா வைரஸா நோரோ வைரஸா என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் எதற்காக அந்த மலத்தை எடுத்து, வைரஸைத் தேடி, அதன் மரபணுவைப் படித்து வகை பிரிக்கிறோம்?

அடுத்து வரப்போகும் குழந்தைகளுக்காக. 2000-ஆம் ஆண்டில் ரோட்டா வைரஸால் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 2013-இல் அந்த மதிப்பீடு சுமார் 2,15,000-க்கு இறங்கியது. தடுப்பூசி எந்த வகைகளைத் தடுக்கிறது, எவை தப்பிக்கின்றன, புதிதாக ஏதாவது கிளம்பியிருக்கிறதா, ஒரு விடுதியில் பரவியதும் பக்கத்து மருத்துவமனையில் பரவியதும் ஒன்றுதானா என்ற கேள்விகளுக்கெல்லாம் மூலக்கூறு நோய்ப்பரவியல் பதில் தேடுகிறது. இந்தத் துறைக்குள் இப்போதுதான் கால் வைக்கும் மாணவர்களையும் ஆய்வகப் பணியாளர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முழுக்க ஒரே ஒரு விஷயத்தை வலியுறுத்தப் போகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: யாருக்கு, எப்போது, எங்கே, எத்தனை பேரில் என்ற விவரம் சேராத மரபணு வரிசை வெறும் எழுத்துக்கூட்டம்.

முதலில் கேள்வி

குளிர்பெட்டியில் மாதிரிகள் இருக்கின்றன, அதனால் வகை பார்க்கலாம் என்று தொடங்கும் வேலை பெரும்பாலும் எங்கும் போய்ச் சேராது. உங்கள் கேள்வி எது? ஒரு மருத்துவமனையில் ஆண்டு முழுவதும் எந்த வகைகள் வருகின்றன என்று கண்காணிப்பதா, திடீரென்று ஓரிடத்தில் பலருக்கு வந்த நோயின் மூலத்தைத் தேடுவதா, தடுப்பூசியின் பலனை அளப்பதா? யாரிடமிருந்து மாதிரி எடுப்பது, எத்தனை எடுப்பது, மரபணுவின் எந்தப் பகுதியைப் படிப்பது என்பதெல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

அடுத்து, யாரை நோயாளி என்று எண்ணுவது என்ற வரையறையை எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகிய மலம் போனால் அது வயிற்றுப்போக்கு. 14 நாட்களுக்குள் அடங்கினால் அது தீவிர வகை, அதற்கு மேல் நீடித்தால் வேறு வகை. வாந்தி மட்டும் இருப்பவர்களைச் சேர்ப்பீர்களா? நோரோ வைரஸ் ஆய்வு என்றால் சேர்க்கத்தான் வேண்டும். நோயின் கடுமையை அளக்க வெசிகாரி மதிப்பெண்ணைப் பயன்படுத்துங்கள். அதில் மொத்தம் 20, 11-ஓ அதற்கு மேலோ வந்தால் கடுமையான நோய்.

முடிந்தால் வயிற்றுப்போக்கு இல்லாத குழந்தைகளிடமிருந்தும் மாதிரி எடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் படி இது. இந்த வைரஸ்கள் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் மலத்திலும் கிடைக்கும். குணமான பிறகும் நோரோ வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஏழு இடங்களில் நடந்த ஜெம்ஸ் ஆய்வு இதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் இணையாக நோயில்லாத குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. ஒரு வைரஸ் மலத்தில் இருந்தது என்பதும், அதுதான் நோயைத் தந்தது என்பதும் இரண்டு வேறு கூற்றுகள்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஐந்து வைரஸ்கள்

ரோட்டா வைரஸை 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் சக ஆய்வாளர்களும் குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்டார்கள். இதன் மரபணுத் தொகுப்பு 11 துண்டுகளாக இருக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. நோரோ வைரஸின் கதை 1968-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நார்வாக்கில் ஒரு பள்ளியில் பரவிய வாந்தி நோயிலிருந்து தொடங்குகிறது. அந்த மாதிரிகளில் வைரஸ் துகளை 1972-இல் ஆல்பர்ட் கபிகியன் அடையாளம் காட்டினார். இது சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ. இன்று உலகில் ஐந்தில் ஒரு தீவிர வயிற்றுப்போக்குக்கு இதுவே காரணம் எனக் கணக்கிடுகிறார்கள்.

சாப்போ வைரஸ் நோரோவின் உறவுக்காரர். மனிதர்களைத் தாக்கும் ஆஸ்ட்ரோ வைரஸ்களில் பழைய வகைகள் எட்டு, பிற்பாடு வேறு சில கூட்டங்களும் கண்டுபிடிக்கப்பட்டன. அடினோ வைரஸில் எஃப் இனத்தைச் சேர்ந்த 40, 41 ஆகிய இரண்டு வகைகள்தான் முக்கியமாகக் குடலைத் தாக்குபவை. ஐந்தில் இது ஒன்றுதான் டி.என்.ஏ வைரஸ் என்பதால் இதற்கு ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக மாற்றும் படி தேவையில்லை. இந்த மூன்றைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. ரோட்டாவையும் நோரோவையும் கையாளத் தெரிந்துவிட்டால் மற்றவை கைவசமாகும்.

மாதிரியும் படிவமும்

நோய் தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்த மலமே சிறந்தது. அந்த நேரத்தில்தான் வைரஸ் அதிகம் இருக்கும். பருத்திக் குச்சியில் தடவி எடுப்பதைவிட முழு மலம் நல்லது. ஃபார்மலின் எதுவும் சேர்க்காதீர்கள். சில நாட்களுக்கு 4 டிகிரி செல்சியஸ் போதும், நெடுநாள் வைக்க மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வேண்டும். உறைவதும் உருகுவதும் திரும்பத் திரும்ப நடந்தால் ஆர்.என்.ஏ சிதையும். எனவே வந்த அன்றே சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்துவிடுங்கள்.

நோரோ வைரஸின் மிகச் சில துகள்களே நோயை உண்டாக்கப் போதும், ஆகவே கையுறையும் உயிரியல் பாதுகாப்புப் பெட்டியும் கட்டாயம். கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல்லை நம்ப வேண்டாம். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது என்பதால் ஆல்கஹால் அதன்மேல் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் தண்ணீரும் கைக்கு, குளோரின் கரைசல் மேசைக்கு.

குப்பியோடு ஒரு படிவமும் வரும். அதை எழுத்தர் வேலை என்று ஒதுக்காதீர்கள். வயது மாதக் கணக்கில், நோய் தொடங்கிய தேதி, மாதிரி எடுத்த தேதி, வாந்தி, காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்தார்களா, தடுப்பூசி எது, எந்தத் தேதியில் போட்டார்கள். கடைசி வரி ஏன் முக்கியம் என்று ஒரு எடுத்துக்காட்டில் பாருங்கள். பத்து வாரக் குழந்தை, பி.சி.ஆரில் (மரபணுத் துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) ரோட்டா பாசிட்டிவ், ஆனால் சிடி மதிப்பு (எத்தனையாவது சுற்றில் வைரஸ் தெரிந்தது என்ற எண்) 34, அதாவது வைரஸ் மிகக் குறைவு. வகை ஜி1பி[8] (இந்தப் பெயரின் பொருளைப் பின்னால் பார்ப்போம்). கண்காணிப்பு அட்டவணையில் ஒரு ஜி1பி[8] நோயாளி என்று ஏற்றிவிடுவீர்கள். படிவத்தைத் திருப்பினால் ஆறு நாட்களுக்கு முன் ரோட்டாரிக்ஸ் சொட்டு மருந்து கொடுத்தது எழுதியிருக்கிறது. அந்த மருந்தில் இருப்பதே வலுக்குறைந்த ஜி1பி[8] வைரஸ்தான், கொடுத்த சில நாட்களில் அது மலத்தில் வெளியேறுவது இயல்பு. குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு வேறேதோ காரணமாக இருக்கலாம். தடுப்பூசி வைரஸையும் ஊரில் சுற்றும் வைரஸையும் பிரித்துக் காட்ட என்.எஸ்.பி2 மரபணுவைக் குறிவைக்கும் தனிப் பி.சி.ஆர் சோதனை உண்டு. ஆனால் அந்தச் சந்தேகம் உங்களுக்கு வர வேண்டுமென்றால் தேதி படிவத்தில் இருக்க வேண்டும்.

ஆர்.என்.ஏ எடுப்பதும் பி.சி.ஆரும்

மலத்தை உப்புக் கரைசலில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் கரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளியும் நீரிலிருந்து ஆர்.என்.ஏ எடுப்பார்கள். மலத்தில் இருக்கும் பித்த உப்புகளும் சிக்கலான சர்க்கரைகளும் பி.சி.ஆரைத் தடுக்கும். அதனால் ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு கட்டுப்பாட்டு வைரஸைச் சேர்த்துவிட வேண்டும். எம்.எஸ்2 என்ற பாக்டீரியா வைரஸைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் சேர்த்ததே முடிவில் தெரியவில்லை என்றால் அந்த மாதிரியை நெகட்டிவ் என்று எழுதக்கூடாது. எடுத்த ஆர்.என்.ஏ-வைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள், பல முறை அதுவே போதும்.

ரோட்டாவுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அதன் ஆர்.என்.ஏ இரட்டை இழை. 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி உடனே பனியில் வைத்து இழைகளைப் பிரித்தால்தான் அடுத்த படி நடக்கும். மற்ற வைரஸ்களுக்கான செய்முறையை அப்படியே எடுத்து ஓட்டினால், நன்றாக வைரஸ் இருக்கும் மாதிரிகூட மங்கலாகத் தெரியும் அல்லது தெரியாமலே போகும்.

சிடி மதிப்பு குறையக் குறைய வைரஸ் அதிகம் என்று பொருள். சுமார் 3.3 குறைந்தால் வைரஸ் பத்து மடங்கு அதிகம். 33, 35-ஐத் தாண்டிய மாதிரிகளில் வகை பிரிப்பது பெரும்பாலும் தோற்கும். அவற்றுக்கு வேதிப்பொருளைச் செலவிடும் முன் யோசியுங்கள்.

இன்னொன்று, மாசு. பி.சி.ஆர் கலவை தயாரிக்கும் அறை, ஆர்.என்.ஏ எடுக்கும் இடம், பெருக்கிய டி.என்.ஏ-வைத் திறக்கும் இடம் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே திசையில்தான் நடமாட்டம், திரும்பி வரக்கூடாது.

ரோட்டா: இரண்டு பெயர், பதினோரு துண்டு

ரோட்டா துகளின் வெளிப்புறத்தில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. விபி7 ஜி வகையைத் தீர்மானிக்கிறது, விபி4 பி வகையைத் தீர்மானிக்கிறது. இதுவரை 40-க்கும் மேற்பட்ட ஜி வகைகளும் 50-க்கும் மேற்பட்ட பி வகைகளும் பதிவாகியுள்ளன. ஆனாலும் மனிதர்களிடம் ஜி1பி[8], ஜி2பி[4], ஜி3பி[8], ஜி4பி[8], ஜி9பி[8], ஜி12பி[8] என்ற சில சேர்க்கைகளே பெரும்பான்மை.

வகை பார்க்கும் பழைய வழி, ஒவ்வொரு வகைக்கும் தனி பிரைமர் (பெருக்கலைத் தொடங்கி வைக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) போட்டு இரண்டு சுற்றுப் பி.சி.ஆர் ஓட்டி ஜெல்லில் பட்டையின் நீளத்தைப் பார்ப்பது. மலிவு, வேகம், இன்றும் பல ஆய்வகங்களில் ஓடுகிறது. ஆனால் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, பிரைமர் அப்படியே இருக்கிறது. பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில் ஓரிரு எழுத்து மாறினால் பட்டை வராது, சில சமயம் தவறான வகையின் பிரைமர் ஒட்டிக்கொள்ளும். வகை தெரியாத மாதிரிகளின் பங்கு ஒரு பருவத்தில் திடீரென்று ஏறினால் அதைத் தோல்வியாக நினைத்து ஒதுக்காதீர்கள். புதிய வைரஸ் முதலில் தலைகாட்டும் இடமே அதுதான். விபி7 மரபணு 1062 எழுத்து நீளம்தான். அதை முழுதாக வரிசைப்படுத்திப் பாருங்கள்.

இரண்டு வெவ்வேறு ரோட்டா வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்தால் சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல 11 துண்டுகளும் கலந்து புதிய சேர்க்கை பிறக்கும். எனவே ஜி, பி என்று இரண்டை மட்டும் பார்ப்பவருக்கு மீதி ஒன்பது துண்டுகள் மறைவாகவே இருக்கும். 2008-இல் வந்த முழு மரபணு வகைப்பாடு பதினொன்றுக்கும் ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் கொடுத்தது. வழக்கமான ஜி1பி[8] வைரஸுக்கு ஜி1-பி[8]-ஐ1-ஆர்1-சி1-எம்1-ஏ1-என்1-டி1-இ1-எச்1 என்று வரும். இதை டபிள்யூ.ஏ என்ற மேற்கோள் வைரஸின் பெயரால் டபிள்யூ.ஏ போன்ற கட்டமைப்பு என்பார்கள். ஜி2பி[4]-இல் மீதி எல்லாம் 2 ஆக இருக்கும், அது டி.எஸ்-1 என்ற இன்னொரு மேற்கோள் வைரஸைப் போன்ற கட்டமைப்பு.

2013 வாக்கில் பல நாடுகளில் ஒரு ஜி3பி[8] கிளம்பியது. பெயரைப் பார்த்தால் பழகிய வைரஸ். விபி7-ஐ வரிசைப்படுத்தியபோது அது குதிரைகளில் காணும் ஜி3-ஐ ஒத்திருந்தது. மீதித் துண்டுகளைப் பார்த்தால் ஐ2-ஆர்2-சி2 என்று அத்தனையும் டி.எஸ்-1 பக்கம். ஜெல்லில் பட்டையை மட்டும் பார்த்திருந்தால் பழைய ஜி3 திரும்பி வந்திருக்கிறது என்று எழுதி முடித்திருப்போம். முழு மரபணுவுக்கு வசதி இல்லாத ஆய்வகங்களுக்கு என் யோசனை: ஜி, பி-யோடு, விபி6 என்ற உள்ளடுக்குப் புரதத்தின் ஐ வகையையாவது சேர்த்துப் பாருங்கள். பி[8]-க்குப் பக்கத்தில் ஐ2 வந்தால் அந்த மாதிரியை முழு வரிசைக்கு அனுப்பலாம்.

நோரோ: சந்திப்பில் படியுங்கள்

நோரோவின் வகைகளை முதலில் ஜி.ஐ, ஜி.ஐ.ஐ என்று பெருங்குழுக்களாகவும், பிறகு எண்ணிட்ட வகைகளாகவும் பிரிப்பார்கள். (ரோட்டாவின் ஜி2-க்கும் நோரோவின் ஜி.ஐ.ஐ-க்கும் ஒரு தொடர்பும் இல்லை. அட்டவணைகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி கண்ணில் படும்.) இந்த வைரஸும் கலப்பில் கெட்டிக்காரர். பெருகுவதற்கான நொதியைத் தரும் முதல் பகுதியும் மேலுறைப் புரதத்தை (துகளின் புரத ஓடு, கொழுப்பு உறை அல்ல) தரும் இரண்டாம் பகுதியும் சேரும் சந்திப்பில்தான் பெரும்பாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளும். அதனால் 2019-இல் புதுப்பித்த வகைப்பாட்டில் ஒவ்வொரு வைரஸுக்கும் இரட்டைப் பெயர் உண்டு: ஜி.ஐ.ஐ.4 சிட்னி[பி16] என்றால் மேலுறை ஜி.ஐ.ஐ.4 வகையின் சிட்னி என்ற கிளை, நொதிப் பகுதி பி16.

நல்ல வேளையாக அந்தச் சந்திப்பை மூடும் சுமார் 570 எழுத்து நீளத் துண்டு ஒன்றைப் பெருக்கினால் இரண்டு பெயரும் ஒரே வரிசையில் கிடைத்துவிடும். நெதர்லாந்தின் ஆர்.ஐ.வி.எம், அமெரிக்காவின் சி.டி.சி ஆகிய பொதுச் சுகாதார நிறுவனங்கள் இணையத்தில் வைத்திருக்கும் வகைப்படுத்தும் கருவிகளில் அந்த வரிசையை ஒட்டினால் பெயர் வரும்.

ஒரு விருந்துக்குப் பிறகு பலர் வாந்தி எடுக்கிறார்கள். ஆய்வக முடிவு வரும் முன்பே கப்லான் அளவுகோல்களைச் சரிபாருங்கள்: பாதிப் பேருக்கு மேல் வாந்தி, நோய் அரும்பும் காலம் 24 முதல் 48 மணி நேரம், 12 முதல் 60 மணி நேரத்தில் குணம், மலத்தில் நோய் தரும் பாக்டீரியா இல்லை. நான்கும் பொருந்தினால் நோரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் வரிசை வருகிறது. விருந்தினர்களிடமும் சமையல்காரரிடமும் ஒரே ஜி.ஐ.ஐ.4 சிட்னி. உடனே சமையல்காரரிடமிருந்துதான் பரவியது என்று எழுதத் தோன்றும்.

எழுதாதீர்கள். 2012-க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த வைரஸ் உலகெங்கும் பரவலாகச் சுற்றியது, ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இடங்களிலும் இந்தச் சிறு துண்டு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். தொடர்பு உண்டு என்பதற்கு இந்தத் துண்டு பலவீனமான சாட்சி. தொடர்பு இல்லை என்பதற்கு வலுவான சாட்சி: சமையல்காரரிடம் ஜி.ஐ.ஐ.17 மட்டும் இருந்தால் அவரை ஒதுக்கிவிட்டு வேறு மூலத்தைத் தேடலாம். தொடர்பை நிறுவ மேலுறையின் வேகமாக மாறும் பி2 பகுதியையோ முழு மரபணுவையோ படியுங்கள், கூடவே அவருக்கு நோய் தொடங்கிய தேதி விருந்துக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அவரும் அதே உணவைச் சாப்பிட்டு நோயுற்றவராக இருக்கலாம். ஒருவரின் பிழைப்பே இதில் அடங்கியிருக்கிறது. ஒரே நிகழ்வில் மூன்று நான்கு வகைகள் கலந்து வந்தால் கழிவுநீர் கலந்த தண்ணீரையும் சிப்பி உணவையும் சந்தேகியுங்கள்.

வரிசையைச் சரிபார்த்து மரம் வரைதல்

கருவி தந்த எழுத்துகளை அப்படியே நம்பாமல் வண்ணச் சிகரங்களைத் திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் தொடர்ந்து வந்தால் அது கலப்புத் தொற்றாக இருக்கலாம். பிரைமர் ஒட்டிய இரு முனைகளையும் வெட்டிவிடுங்கள், அங்கே நீங்கள் படிப்பது வைரஸின் எழுத்தல்ல, பிரைமருடையது. பிறகு பிளாஸ்ட் என்ற தேடு கருவியில் தேடி நெருங்கிய வரிசைகளையும், வகைக்கு ஒன்றாக மேற்கோள் வரிசைகளையும் எடுத்து மாஃப்ட் என்ற மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி, மெகா, ஐக்யூ-ட்ரீ என்ற மென்பொருள்களில் ஒன்றில் உறவைக் காட்டும் மரம் வரையலாம். கிளைகளின் உறுதியை 1000 முறை பூட்ஸ்ட்ராப் (தரவை மறுபடி மறுபடி கலைத்தெடுத்து அதே கிளை வருகிறதா என்று பார்ப்பது) செய்து பார்ப்பது வழக்கம், 70 சதவீதத்துக்குக் கீழே உள்ள கிளையின்மேல் கதை கட்டாதீர்கள். உங்கள் மாதிரிகளை மட்டும் வைத்து மரம் வரைந்தால் அவை எல்லாம் ஒரே குடும்பமாகத்தான் தெரியும். பிற நாடுகளின் அதே ஆண்டு வரிசைகள் பக்கத்தில் இருந்தால்தான் உங்களுடையவை உண்மையிலேயே தனிக் கொத்தா என்று புரியும்.

கணக்கில் வழுக்கும் இடம்

தடுப்பூசி வந்த பிறகு ஜி2பி[4] பெருகிவிட்டது என்ற செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். தடுப்பூசிக்கு முன் 1000 குழந்தைகளைப் பரிசோதித்ததில் 400 பேருக்கு ரோட்டா. அவர்களில் 240 பேர் ஜி1பி[8], 60 பேர் ஜி2பி[4]. தடுப்பூசிக்குப் பின் அதேபோல் வேறு 1000 பேரைப் பரிசோதித்ததில் 125 பேருக்கு மட்டும் ரோட்டா. 40 பேர் ஜி1பி[8], 50 பேர் ஜி2பி[4].

ஜி2பி[4]-இன் பங்கு 15 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏறிவிட்டது. வட்ட வரைபடத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அந்த வகையால் நோயுற்ற குழந்தைகள் 60-லிருந்து 50 ஆகக் குறைந்திருக்கிறார்கள். மற்ற வகைகள் இன்னும் வேகமாகக் குறைந்ததால் இதன் பங்கு பெருத்துத் தெரிகிறது. எனவே வட்ட வரைபடத்தோடு எண்ணிக்கையையும், எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்பதையும் எப்போதும் போடுங்கள். வகை தெரியாதவை, கலப்புத் தொற்று இரண்டுக்கும் தனி வரிசை கொடுங்கள். அவற்றை நீக்கிவிட்டு நூறு சதவீதம் காட்டுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

தடுப்பூசி ஒரு வகையிடம் உண்மையிலேயே தோற்கிறதா என்று அறிய, அந்த வகையால் நோயுற்ற குழந்தைகளில் எத்தனை பேர் தடுப்பூசி போட்டவர்கள் என்பதை, அதே மருத்துவமனைக்கு வயிற்றுப்போக்கோடு வந்து ரோட்டா நெகட்டிவ் ஆனவர்களோடு ஒப்பிட வேண்டும். தடுப்பூசி இல்லாத இடங்களிலும் ரோட்டா வகைகள் ஆண்டுக்கு ஆண்டு தாமாகவே ஏறி இறங்கும். அதனால் ஒரு பருவத்துத் தரவை வைத்து முடிவு கட்ட வேண்டாம், மூன்று நான்கு பருவங்களாவது பொறுங்கள்.

வெளியிடுதல்

வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது மாதிரி எடுத்த தேதி, நாடு, நோயாளியின் வயதுப் பிரிவு ஆகியவற்றைச் சேருங்கள். பெயரோ மருத்துவமனை எண்ணோ உள்ளே போகக்கூடாது. ரோட்டாவுக்கு நிர்ணயித்த பெயர் முறை உண்டு: குழு, எந்த உயிரினத்தில் கிடைத்தது, நாடு, ஆய்வக எண், ஆண்டு, ஜி-பி வகை என்ற வரிசையில் சாய்கோடு போட்டு எழுத வேண்டும். வகை பிரிக்க முடியாமல் போன மாதிரிகளைத் தூக்கி எறியாமல் மைனஸ் 70-இல் வையுங்கள். இன்னும் நல்ல பிரைமர் வரும்போது முதலில் எடுக்க வேண்டியவை அவைதான்.